பூனை சோபாவைப் பிறாண்டுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

சோபாவிலிருந்து பஞ்சு எட்டிப் பார்த்ததும் பல வீடுகளில் முதலில் கைக்கு வருவது துடைப்பம். அதில் பூனை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: ஆள் இருக்கும்போது அந்தப் பக்கம் போகக் கூடாது. நீங்கள் வேலூர் லாங் பஜார் போய்த் திரும்புவதற்குள் மீதிக் கைப்பிடியும் போயிருக்கும்.

பிறாண்டுவதை நிறுத்த முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். பூனைக்கு அதில் மூன்று வேலை ஆகிறது. நகத்தின் பழைய மேலோடு கழல வேண்டும். தூங்கி எழுந்ததும் முதுகையும் தோளையும் இழுத்து முறிக்க வேண்டும். பாதத்தின் அடியில் இருக்கும் வாசனைச் சுரப்பியைத் தேய்த்து ‘இது என் இடம்’ என்று எழுதிவைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிவது கோடு, பூனைக்குத் தெரிவது வாசனை.

சோபாவுக்கு அடியில் பெருக்கும்போது நெல் உமி மாதிரி ஒன்று கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். வளைந்து, உள்ளே குடைவாக, ஒரு முனை ஊசியாக இருக்கும். நகம் உடைந்துவிட்டது என்று பதற வேண்டாம். அது கழன்ற மேலோடு, உள்ளே புது நகம் பத்திரமாக இருக்கிறது. அந்த உமி எங்கே அதிகம் கிடைக்கிறதோ அங்கேதான் பூனையின் முக்கியப் பிறாண்டும் இடம்.

எதையும் வாங்குவதற்கு முன் மூன்று நாள் கவனியுங்கள். எங்கே பிறாண்டுகிறது, எந்நேரம், நின்றுகொண்டு மேலிருந்து கீழாகவா அல்லது தரையில் படுத்தவாறா, துணியா மரமா கயிறா, சற்று முன் என்ன நடந்தது (தூக்கம், சாப்பாடு, வாசல் மணி, வெளியே வேறு பூனை)? காலண்டர் ஓரத்தில் கிறுக்கி வைத்தால் போதும். கீழே உள்ளவற்றில் எது உங்கள் வீட்டு அறிகுறி என்பதை அந்தக் கிறுக்கல் சொல்லிவிடும்.

அறிகுறி 1: சோபா கைப்பிடியின் வெளி ஓரம் மட்டும் கிழிகிறது

இதுதான் அதிகம் வருவது. பூனை பின்காலில் நின்று, முன்காலை உயரத் தூக்கி, உடல் எடை முழுவதையும் போட்டு இழுக்கிறது. சோபா அதற்கு வசதி: கனமானது, ஆடாது, துணியில் நகம் நன்றாகப் பதியும், பூனை தூங்கும் இடமும் பக்கத்திலேயே இருக்கும். மாற்றாக நீங்கள் வைக்கும் பொருளுக்கும் இந்த நான்கும் இருக்க வேண்டும்.

முதலில் பிறாண்டுவதற்கென்று கயிறு சுற்றிய கம்பத்தை (செய்முறை அறிகுறி 2இல்) வையுங்கள், பிறகு சோபாவை மூடுங்கள். வரிசை மாறினால் பூனை அடுத்த நாற்காலிக்குப் போகும். கிழிந்த கைப்பிடிக்கு நேர் எதிரே, ஒரு சாண் தள்ளிக் கம்பம் நிற்கட்டும். நடு ஹாலில் அசிங்கமாகத்தான் இருக்கும். ஒரு மாதம் பொறுங்கள்.

சோபாவை மூட டபுள் சைடு டேப்பைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 2 அங்குல அகல டேப் நல்ல பலன் தரும், ஒட்டும் பரப்பில் பாதம் வைக்கப் பூனைக்குப் பிடிக்காது. ஆனால் நம் ஊர் வெயிலுக்கு அதில் இரண்டு சிக்கல். மே மாதம் வேலூரில் 40 டிகிரி தாண்டும்போது பசை இளகித் துணியில் இறங்கிவிடும். ஜன்னல் திறந்த வீட்டில் ஒரு வாரத்தில் தூசி படிந்து ஒட்டும் தன்மையே போய்விடும். பாலிஷ் போட்ட மரத்தில் ஒட்டினால் எடுக்கும்போது பாலிஷும் கூட வரும். ரெக்ஸினில் ஒட்டவே வேண்டாம். துணி சோபாவில் மட்டும், வாரம் ஒருமுறை மாற்றும் பொறுமை இருந்தால் மட்டும் ஒட்டுங்கள்.

அதைவிட வழுக்கும் தகடு நல்லது. வேலூரில் பீரோ மேல் பழைய எக்ஸ்ரே படம் இல்லாத வீடு குறைவு. இனிப் பயன்படாது என்று உறுதியாகத் தெரிந்த படத்தை எடுத்து (டாக்டர் திரும்பக் கேட்கக்கூடியதை வெட்டிவிடாதீர்கள்) கைப்பிடி ஓரத்தில் தரையிலிருந்து 3 அடி உயரம் வரை வையுங்கள். மூலைக்கு மூலை குஷன் பின் திருகுங்கள். வெட்டிய ஓரம் கையைக் கிழிக்கும், வட்டமாக நறுக்கிவிடுங்கள். நகம் பதியாமல் வழுக்கினால் நாலைந்து முயற்சியில் பூனைக்கு அலுத்துவிடும். அலுக்கும் அந்த நேரத்தில் கம்பம் கண்ணெதிரே நிற்க வேண்டும்.

ஏற்கெனவே கிழிந்த இடத்தில் பூனையின் வாசனை இருக்கும். இளஞ்சூட்டு நீரில் கொஞ்சம் சோப்புப் போட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். தொங்கும் நூல்களைக் கத்தரித்துவிடுங்கள். தொங்கும் நூல் பூனைக்கு அழைப்பிதழ்.

அறிகுறி 2: கம்பம் இருக்கிறது, பூனை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை

ஆன்லைனில் வரும் அழகான கம்பங்களில் பல ஒன்றரை அடிதான். அது குட்டிக்குச் சரி. வளர்ந்த பூனை நிமிர்ந்து நீட்டினால் முன்பாதம் இரண்டரை அடிக்கு மேல் போகும். குட்டைக் கம்பத்தில் அதற்கு முதுகு முறியாது. இரண்டாவது, ஆட்டம். ஒரே ஒருமுறை கம்பம் சாய்ந்து மேலே விழுந்திருந்தால் அந்தக் கம்பத்தை மறந்துவிடுங்கள். கம்பத்தின் உச்சியில் ஒரு கையை வைத்து அழுத்தித் தள்ளிப் பாருங்கள். அடி தூக்கினால் பூனைக்கு ஆகாது.

வாங்குவதைவிடச் செய்துகொள்வது எளிது, உறுதியும் அதிகம். இரண்டு மணி நேர வேலை.

தேவை: 4 அங்குலத் தடிமனில் 3 அடிச் சவுக்குக் கட்டை ஒன்று. சென்ட்ரிங் கட்டை விற்கும் கடையில் நேராக, நன்கு காய்ந்ததாகப் பார்த்து வாங்கி, இரண்டு முனையையும் மட்டமாக அறுத்துத் தரச் சொல்லுங்கள். பச்சைக் கட்டை காயும்போது சுருங்கும், கயிறு தொளதொளவென்று ஆகிவிடும். 18 அங்குலச் சதுரத்தில் 19 மி.மீ. பிளைவுட் ஒன்று. அதன் மேல் கட்டைக்கு இரு பக்கமும் வைக்கக் கடப்பா கல் துண்டு இரண்டு. டைல்ஸ் கடையில் வெட்டி ஒதுக்கிய துண்டே போதும். 8 மி.மீ. கயிறு 35 மீட்டர், 3 அங்குல ஸ்க்ரூ நான்கு, ஃபெவிகால், சின்ன ஆணி நான்கைந்து.

கயிறு ஏன் அவ்வளவு என்று கேட்பார்கள். கட்டையை ஒரு சுற்றுச் சுற்ற சுமார் 34 செ.மீ. ஆகும். 75 செ.மீ. உயரத்தை 8 மி.மீ. கயிறால் நெருக்கிச் சுற்ற 94 சுற்று. பெருக்கினால் 32 மீட்டர், மீதி முடிச்சுக்கும் பிழைக்கும். 6 மி.மீ. கயிறு என்றால் 42 மீட்டர் ஆகும். பாதியில் தீர்ந்து ஒட்டுப்போட்டால் பூனை முதலில் பிரிப்பது அந்த இடத்தைத்தான்.

கயிறில் முதல் தேர்வு ரயில் கற்றாழை நார்க் கயிறு, சைசல் என்று கேட்டாலும் தருவார்கள். கிடைக்காவிட்டால் தேங்காய் நார்க் கயிறு. அதன் முள் முள்ளான நுனி சில பூனைகளுக்குப் பிடிக்காது, முறுக்கு இறுகிய, பிசிறு குறைந்த கயிறாகத் தேர்ந்தெடுங்கள். நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். நகம் வழுக்கும், பிரிந்த இழையை விழுங்கினால் குடலில் சிக்கும்.

1. பிளைவுட்டின் நடுவில் கட்டையை நிறுத்தி வட்டம் வரைந்து, வட்டத்துக்குள் நான்கு துளை போடுங்கள். கட்டையின் அடியிலும் அதே இடத்தில் சிறு துளை போட வேண்டும். துளையில்லாமல் ஸ்க்ரூ ஏற்றினால் சவுக்கு பிளக்கும்.
2. பிளைவுட்டின் அடிப்பக்கத்திலிருந்து ஸ்க்ரூவை ஏற்றி இறுக்குங்கள். தலை வெளியே துருத்தக் கூடாது.
3. கயிற்றின் முனையைக் கட்டையின் அடியில் ஆணியடித்து, ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் ஃபெவிகால் தடவிச் சுற்றுங்கள். ஐந்து சுற்றுக்கு ஒருமுறை சுத்தியலால் மெல்லத் தட்டிக் கீழே நெருக்குங்கள். பிறகு அடுத்த சாண். மொத்தக் கட்டைக்கும் ஒரேயடியாகப் பசை தடவினால் பாதி சுற்றுவதற்குள் மீதி காய்ந்துவிடும்.
4. மேல் முனையை இரண்டு ஆணியால் அடித்து, ஆணித் தலையைக் கயிறுக்குள் புதையவிடுங்கள். 24 மணி நேரம் காயட்டும்.
5. கடப்பா கல்லைப் பிளைவுட்டின் மேலேயே, கட்டைக்கு இரு பக்கமும் வருமாறு இரண்டு துண்டாக வைத்து ஒட்டுங்கள். வெயில் காலத்தில் பூனை அந்தக் கல்லிலேயே படுத்துக்கொள்ளும், கம்பம் தானாகப் பழகும்.

செருப்பு ஒட்டும் ரப்பர் பசையை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். வாரக்கணக்கில் வாடை போகாது, பூனை கிட்டவே வராது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் துண்டு சல்லிசாகக் கிடைக்கும். கம்பத்துக்குத் தோல் சுற்றலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். வேண்டாத தோல் துண்டுக்கும் உங்கள் புது ஷூவுக்கும் பூனைக்கு வித்தியாசம் கிடையாது. தோல் என்றால் பிறாண்டலாம் என்று நாமே பாடம் எடுத்ததாகிவிடும். பழைய கார்ப்பெட்டைச் சுற்றுவதும் இதே தவறு.

பழக்குவது எப்படி? பூனையின் கையைப் பிடித்துக் கம்பத்தில் தேய்க்க வேண்டாம், பயந்துவிடும். தூங்கி எழுந்த உடனே, கம்பத்தின் பாதி உயரத்தில் ஒரு நூலையோ இறகையோ ஆட்டுங்கள். பிடிக்கத் தாவும்போது நகம் கயிற்றில் பதியும். பதிந்த இரண்டு மூன்று நொடிக்குள் உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஒரு சிட்டிகை கொடுங்கள். பத்து நொடி கழித்துக் கொடுத்தால் எதற்குக் கொடுத்தீர்கள் என்று அதற்குத் தெரியாது.

பூனையை மயக்கும் கேட்னிப் செடித் தூளைத் தேடி அலைய வேண்டியதில்லை, கொல்லையிலேயே குப்பைமேனி இருக்கிறது. அதற்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் உண்டு. செடியைப் பிடுங்கினால் வேரின் வாசனைக்குப் பூனை ஓடிவந்து புரளும். பெயர் வந்த காரணமும் அதுதான். வேரைக் கழுவி, நசுக்கி, கயிற்றில் தேய்த்துவிட்டு வேரை எடுத்துப் போட்டுவிடுங்கள். தின்னக் கொடுக்கக் கூடாது, முகர மட்டும்தான். எல்லாப் பூனையும் மயங்காது, சிறு குட்டிகளுக்கும் இந்த வாசனைகளில் ஈர்ப்பு இருக்காது. உங்கள் பூனை திரும்பிப் பார்க்காவிட்டால் குறை ஒன்றுமில்லை, இறகையும் கோழியையும் வைத்தே பழக்கலாம்.

மூன்று, நான்கு வாரம் தொடர்ந்து கம்பத்தையே பயன்படுத்தினால், நீங்கள் விரும்பும் மூலையை நோக்கி நாளுக்கு நான்கு விரல்கடை நகர்த்துங்கள். ஒரே நாளில் பால்கனிக்குத் தூக்கிப் போனால் பூனை சோபாவுக்கே திரும்பும்.

அறிகுறி 3: மெத்தை, கால்மிதி, பாய், கோணிமூட்டை

இது படுத்துப் பிறாண்டும் பூனை. இதற்கு நிற்கும் கம்பம் செய்துகொடுத்து ஏமாந்தவர்கள் பலர். இரண்டரை அடி நீளம், ஒரு அடி அகலப் பலகையில் கோணியை இரண்டு மடிப்பாக இழுத்து, அடிப்பக்கம் ஆணியடித்துத் தரையில் போடுங்கள். சில பூனைகளுக்குச் சாய்வு பிடிக்கும், ஒரு முனையில் செங்கல் வைத்துத் தூக்கிப் பாருங்கள். பலகை நகராமல் இருக்க அடியில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டுங்கள்.

கோணி பருப்பு, மல்லி வந்ததாக இருக்கட்டும். நேதாஜி மார்க்கெட் மளிகை மண்டிகளில் கேட்டால் கிடைக்கும். உரமோ பூச்சிமருந்தோ வந்த சாக்கு கூடவே கூடாது, நகத்தில் ஒட்டியதைப் பூனை நக்கிவிடும். புதுச் சணலில் எண்ணெய் வாடை இருக்கும், இரண்டு நாள் வெயிலில் போடுங்கள்.

ஆரணி அரிசி மூட்டையைப் பிறாண்டிச் சிந்துகிறது என்றால், மூட்டையை டிரம்முக்கு மாற்றுங்கள். மூட்டையோடு சண்டை போட்டு யாரும் ஜெயித்ததில்லை. இலவம்பஞ்சு மெத்தைக்குப் பகலில் வழுக்கும் தடித்த விரிப்புப் போட்டு, நான்கு பக்கமும் அடியில் செருகிவிடுங்கள்.

அறிகுறி 4: வாசல் நிலை, ஜன்னல் கட்டை, கொசுவலை

கீறல்கள் வெளியே போகும் வழிகளிலேயே இருந்தால் அது நகப் பிரச்சினை கிடையாது, எல்லைத் தகராறு. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் காம்பவுண்டு சுவரைப் பாருங்கள், தெருக் கடுவன் உட்கார்ந்திருக்கும். உள்ளே இருப்பது தன் பெயரை நிலைக்கட்டையில் எழுதிக்கொண்டே இருக்கும். சுவரில் சிறுநீரும் பீய்ச்சினால் சந்தேகமே வேண்டாம்.

ஜன்னலின் கீழ்ப் பாதியில் இரண்டடி உயரத்துக்குச் செய்தித்தாள் ஒட்டிப் பார்வையை மறையுங்கள். வெளியே மீன் கழிவு, மீதிச் சோறு வைப்பதை ஒரு மாதம் நிறுத்துங்கள். அந்த ஜன்னலை ஒட்டியே ஒரு கம்பம் நிற்கட்டும், அடையாளம் போட அதற்கு அங்கேதான் இடம் வேண்டும். கருத்தடை செய்யாத பூனையாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள். 4 முதல் 6 மாத வயதிலேயே செய்துவிடலாம். சிறுநீர் பீய்ச்சுவதும் வெளியே போகத் துடிப்பதும் பெரும்பாலும் அடங்கும். சோபாவைப் பிறாண்டுவது அதனால் நிற்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

நைலான் கொசுவலை ஒரே வாரத்தில் ஓட்டையாகும். துருப்பிடிக்காத இரும்புக் கம்பி வலையாக மாற்றுவதைத் தவிர வழியில்லை. அலுமினிய வலை மெல்லியது, கிழிந்த முனை பாதத்தைக் குத்தும்.

ஒரே வீட்டில் இரண்டு பூனை இருந்து இந்த அறிகுறி வந்தால், கம்பத்தின் எண்ணிக்கையைப் பாருங்கள். பூனைக்கு ஒன்று, கூட ஒன்று. அவையும் ஒரே அறையில் வரிசையாக நிற்கக் கூடாது.

அறிகுறி 5: விடியற்காலை நாலு மணிக்குப் படுக்கையறைக் கதவு

பூனை விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாகும் பிராணி. இரவு ஒன்பதரைக்குப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு விளையாட்டுக் காட்டி, உடனே கடைசிச் சாப்பாடு போடுங்கள். வேட்டை, சாப்பாடு, தூக்கம் என்ற வரிசைக்கு அதன் உடம்பே ஒத்துழைக்கும்.

பிறகு கதவைத் திறக்கக் கூடாது, அதட்டவும் கூடாது. அதட்டுவதும் அதற்குப் பதில்தான். முதல் நாலைந்து நாள் சத்தம் கூடும். பலர் தோற்பது இங்கேதான். ஐந்தாம் நாள் பொறுக்காமல் திறந்தால், ஐந்து நாள் பிறாண்டினால் கதவு திறக்கும் என்று அது கணக்குப் போட்டுக்கொள்ளும். பக்கத்து வீட்டார், கைக்குழந்தை என்று உறுதியாக நிற்க முடியாத சூழ்நிலை என்றால் இந்த முறையைத் தொடங்கவே வேண்டாம். பூனையை உள்ளேயே படுக்கவிடுவது மேல். கதவைக் காப்பாற்ற அடியிலிருந்து இரண்டடிக்குப் பிளாஸ்டிக் தகடு ஒட்டுங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் மட்டும் இந்தப் பிரச்சினை வருகிறதா? கதவு இடுக்கில் ஏசிக் காற்று வருகிறது, அவ்வளவுதான். அதற்கு அறிவு இருக்கிறது. ஹாலில் நல்ல காற்றோட்டமான மூலையில் கடப்பா கல்லும் மின்விசிறியும் மண்சட்டியில் தண்ணீரும் இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். மற்றபடி உள்ளே விட்டுவிடுங்கள்.

அறிகுறி 6: புடவையில், லுங்கியில் நகம் மாட்டுகிறது

பூனை வேண்டுமென்று செய்யவில்லை. மடியில் ஏறிப் பாதத்தால் பிசையும்போது வளர்ந்த நகம் நூலில் சிக்குகிறது. பட்டில் மாட்டினால் பூனையைத் தூக்காதீர்கள், இழுக்கும் வேகத்தில் ஜரிகை சுருட்டிக்கொண்டு வரும். பாதத்தை அதன் உடம்புப் பக்கமிருந்து முன்னோக்கி மெல்லத் தள்ளினால் கொக்கி தானே கழலும். வெளியே வந்த இழையை வெட்டக் கூடாது, ஊசி முனையால் மறுபக்கம் இழுத்துவிடுங்கள்.

குடியாத்தம் பக்கம் எலிக்காகப் பூனை வளர்க்கும் தறி வீடுகளில் பாவில் ஏறுவதுதான் தலைவலி. இழுத்துக் கட்டிய நூலைவிடப் பிறாண்ட நல்ல பரப்பு பூனைக்கு வேறு கிடையாது. தறி நிற்கும் நேரமெல்லாம் பாவைத் தடித்த போர்வையால் மூடுங்கள். தறிக்குழிக்குப் பக்கத்தில் அது தூங்குமிடத்திலேயே கம்பத்தை வையுங்கள்.

இந்த அறிகுறிக்கு உண்மையான மருந்து நகம் வெட்டுவது. முன்காலில் பக்கத்துக்கு ஐந்து, பின்காலில் பக்கத்துக்கு நான்கு, ஆக 18. வெட்ட வேண்டியது பெரும்பாலும் முன்கால் பத்துதான், அதுவும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை.

சாப்பிட்டுச் சொக்கும் நேரம் பாருங்கள். மடியில் உங்களுக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள். விரலின் மேலும் கீழும் கட்டைவிரல், ஆள்காட்டி விரலால் மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். வெளிச்சத்தில் பார்த்தால் அடியில் இளஞ்சிவப்புப் பகுதி தெரியும். அது ரத்தமும் நரம்பும் ஓடும் இடம். அதிலிருந்து 2 மி.மீ. தள்ளி, கண்ணாடி போலத் தெரியும் கொக்கியை மட்டும் வெட்டுங்கள். கறுப்பு நகத்தில் உள்ளே தெரியாது, ஊசி முனையை மட்டும் எடுங்கள். பூனைக்கென்று விற்கும் சின்னக் கத்தரி நல்லது. மழுங்கிய நகவெட்டி நகத்தை நசுக்கிப் பிளக்கும். திமிறினால் அன்றைக்கு இரண்டு நகத்தோடு நிறுத்துங்கள். பத்தையும் ஒரே மூச்சில் முடிக்கப் போனால் அடுத்த மாதம் கத்தரியைக் கண்டதும் பீரோ மேல் ஏறிவிடும்.

ரத்தம் வந்துவிட்டால் சோள மாவை (கார்ன் ஃப்ளோர்) தொட்டுச் சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சுண்ணாம்பு வைக்காதீர்கள்.

தெருவுக்குப் போய் வரும் பூனைக்கு நகம் வெட்டாமல் விடுவதே எங்கள் பரிந்துரை. நாய் துரத்தினால் மரமேற அதுதான் இருக்கிறது.

அறிகுறி 7: ஆட்களைப் பிறாண்டுகிறது

லுங்கி ஓரம் அசைந்தால் பாய்வது, கையைப் பிடித்துப் பின்காலால் உதைப்பது எல்லாம் குட்டியில் நாமே விரலை ஆட்டி விளையாடியதன் விளைவு. கையை வெடுக்கென்று இழுக்காமல் அசையாமல் நில்லுங்கள், விளையாட்டு செத்துவிடும். பிறகு நீளக் குச்சியில் கட்டிய இறகை ஆட்டுங்கள். வீட்டில் எல்லோரும் இதையே செய்ய வேண்டும். தாத்தா மட்டும் விரலை ஆட்டிக்கொண்டிருந்தால் பலிக்காது.

தோல் கீறினால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் அப்ப வேண்டாம். கழுவியதும் அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள், வெறிநோய்த் தடுப்பூசி வேண்டுமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். வெறிநோய் நாய்க்கு மட்டும் வருவதில்லை. பூனைக்கு 3 மாத வயதில் அந்த ஊசி போட்டு, ஒரு வருடத்தில் மறுபடி போட வேண்டும். சாதுவாக இருந்த பூனை காரணமில்லாமல் திடீரென்று மூர்க்கமானால், எச்சில் ஒழுகினால், தொடாமல் அறையைச் சாத்திவிட்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 8: மண் தட்டுக்குப் பக்கத்துச் சுவரைப் பிறாண்டுகிறது

இது வேறு கதை. மலத்தை மூட முயல்கிறது, மண் போதவில்லை. மணலை மூன்று விரல் உயரத்துக்கு நிரப்பி, தட்டைப் பெரிதாக்கி, தினமும் அள்ளுங்கள்.

அறிகுறி 9: இத்தனை நாள் இல்லாதது, இப்போது திடீரென்று

வீடு மாறியது, வெள்ளையடித்தது, குழந்தை பிறந்தது, புதுப் பூனை வந்தது என்று ஏதாவது இருக்கும். பழைய துணி விரிப்பைத் துவைக்காமல் புது இடத்தில் போட்டுவைத்தால் சீக்கிரம் அடங்கும். பத்து வயது தாண்டிய பூனை என்றால் பாதத்தைப் பாருங்கள். வயதானபின் மேலோடு சரியாகக் கழலாமல் நகம் தடித்து வளைந்து சதைக்குள் இறங்கும், முக்கியமாகத் தரையில் படாத கட்டைவிரல் நகம். சீழ் தெரிந்தால் வீட்டில் வெட்ட வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

எந்த அறிகுறிக்கும் செய்யக் கூடாதவை

பிறாண்டும் இடத்தில் பினாயில் தெளிப்பது, அந்துருண்டை, கற்பூரம் வைப்பது, யூகலிப்டஸ் தைலமோ எலுமிச்சை எண்ணெயோ தடவுவது: ஐந்தும் பூனைக்கு விஷம். நமக்கு ஒன்றும் செய்யாத பல பொருட்களைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. பாதத்தில் ஒட்டியதை நக்கினால் உள்ளே போய்விடும். மிளகாய்த்தூள் கண்ணில் பட்டால் அதைவிட மோசம்.

நகத்தையே எடுத்துவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நகம் மட்டும் வராது, ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் வெட்டி எடுக்க வேண்டும். வாழ்நாள் முழுதும் நடக்கும்போது வலிக்கக்கூடும், பிறாண்ட முடியாத பூனை கடிக்கத் தொடங்கக்கூடும். விலங்குகளை ஊனமாக்குவதை 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் தடுக்கிறது.

கயிறு நைந்துவிட்டால்

தினமும் பிறாண்டும் கம்பத்தில் நடுப்பகுதி முதலில் பிசிறு பிசிறாகும். பார்க்க அழகில்லை என்று உடனே புதுக் கயிறு சுற்றாதீர்கள், அந்தப் பிசிறும் வாசனையும்தான் பூனையை அங்கே இழுக்கின்றன. கட்டை தெரிய ஆரம்பித்தபின் நைந்த பகுதியை மட்டும் பிரித்துப் புதிதாகச் சுற்றுங்கள். கீழே ஒரு சாண் பழைய கயிறு அப்படியே இருக்கட்டும். பிரித்த கயிற்றில் ஒரு முழத்தைக் கம்பத்தின் உச்சியில் கட்டிவிட்டு, மீதியைக் குப்பையில் போடலாம்.